குசினிக்குப் பச்சைச் சீமெந்து

போர் நடந்த அந்த வருடங்களில், காலையில் வேலைக்குப் புறப்படும் முன் என் கணவர் வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே என்னிடம் ஆறு கேள்விகள் கேட்பார். சொந்த இடம் எது, கொழும்புக்கு எப்போது வந்தது, எதற்காக வந்தது, வீட்டில் எத்தனை பேர், வெளிநாட்டில் யார், கடைசியாக வந்து தங்கிப் போனவர் யார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். பிறகு அவர் தன்னுடைய பதில்களைச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் இருந்த வழக்கம் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஒரு குடும்பத்தில், பொலிஸ்காரர்கள் கணவனையும் மனைவியையும் தனித்தனியே வைத்து விசாரித்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மைத்துனர் மூன்று நாள் நின்றார் என்று அவர் சொன்னார், ஒரு கிழமை நின்றார் என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஒருவருக்கு நினைவு பிசகிவிட்டது, அவ்வளவுதான். அந்த நாலு நாள் வித்தியாசத்துக்காக அந்தக் கணவனை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒழுங்கை முழுவதும் பாடம் தொடங்கிவிட்டது. என் கணவர் கேள்விகளையும் பதில்களையும் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, பொலிஸ் பதிவுப் பத்திரத்தோடு சேர்த்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார்.

சமைக்கிற குசினியின் தரையைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் இல்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்று யார்தான் நினைப்பார்கள்.

நாங்கள் இருந்தது என் கணவரின் அண்ணனுடைய வீடு. அவர் லண்டனுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப் போனார். கடற்கரைப் பக்கம் என்பதால் எல்லாவற்றிலும் உப்புப் பிடிக்கும். குசினியின் பழைய தரை முதலில் மயிர் போல வெடித்தது. பிறகு தண்ணீர்க் குழாயடியில் மிதித்தால் கீழே வெறுமையாக இருப்பது போல ஒரு சத்தம் வந்தது. மழைக்காலத்தில் வெடிப்புகளுக்குள்ளிருந்து எறும்புகள் வரிசையாக வந்தன. கடைசியில் மேசன் பாஸைக் கூப்பிட்டோம். அவர் சிங்களவர், கிருலப்பனைப் பக்கம் வீடு, ஐம்பது வயது தாண்டியவர். கம்பியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுப் போட்டுச் சரிவராது, முழுவதையும் உடைக்க வேண்டும் என்றார்.

என் கணவர் வெள்ளை டைல்ஸ் போட வேண்டும் என்றார். ஓரத்தில் சின்ன நீலப் பூ. தன்னுடைய மனேஜர் வீட்டில் பார்த்தாராம்.

"குசினி இருட்டாக் கிடக்குது. வெள்ளை போட்டால் வெளிச்சமாயிருக்கும். அண்ணா வந்து பார்த்தாலும் ஒரு மதிப்பு," என்றார்.

"சீமெந்தும் நல்லம் தானே," என்றேன் நான்.

"இந்தக் காலத்திலை ஆர் சீமெந்து போடினம்? பஸ் ஸ்ராண்ட் மாதிரி இருக்கும்."

நான் அதற்கு மேல் பேசவில்லை. என் சுபாவம் அது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் ரீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. பழக்கம் நிற்கவில்லை.

டைல்ஸ் வேண்டாம் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவரிடம் என்னால் சொல்ல முடியாது. அதற்கு முந்திய வருடம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு உதவிக்குப் போயிருந்தேன். அவர்களுடைய குசினியில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் சிந்தியிருந்தது. வடைத் தட்டோடு வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அத்தனை பேருக்கு முன்னால் விழுந்த வெட்கத்தில், வீட்டுக்கு வந்து கணவரிடம் பஸ் படியில் தவறி விழுந்தேன் என்று சொன்னேன். அவர் பஸ்காரனை ஒரு மாதம் ஏசினார். பிறகு எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது. மழை நாட்களில் அந்தக் கை இப்போதும் உளையும்.

நான் நினைத்தது பச்சைச் சீமெந்து. கல்யாணமாகி கொழும்புக்கு வந்த முதல் வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தோம். அந்த அறைக்குப் பச்சைத் தரை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பாயை விட்டு இறங்கி அந்தத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தேன். ஈரக் காலோடு நடந்தாலும் வழுக்காது. சிவப்புச் சீமெந்து என்றால் மினுக்கப் போடுகிற பொலிஷ் உள்ளங்காலிலும் சீலைக் கரையிலும் ஒட்டிக்கொள்ளும். பச்சைக்கு அந்தத் தொல்லையும் இல்லை. நான் தரையில் திருவலையை வைத்து இருந்து தேங்காய் திருவுகிறவள். நாளில் பாதி நேரம் நான் அந்தத் தரையோடுதான் இருக்கப் போகிறேன்.

கணவரிடம் சொல்ல முடியாததை பாஸிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம். சொற்கள் குறைவாக இருக்கும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. கையைக் காட்டினால் போதும்.

பாஸிடம் எங்கேயோ மிஞ்சிய பச்சைப் பொடி ஒரு பிடி இருந்தது. சீமெந்தில் குழைத்து, உடைந்த அஸ்பெஸ்டோஸ் துண்டு ஒன்றின் மேல் பூசிக் காட்டினார். ஈரத்தில் அழகாக இருந்தது. நான் சிரித்திருக்க வேண்டும். என்னை நோனா என்றும் என் கணவரை மாத்தயா என்றும் சொல்லுகிற அவர் விரலை ஆட்டினார்.

"நோனா, தண்ணி இருக்கிற நேரம் கலர் பொய் சொல்றது. மூணு நாள் காயணும். அப்பதான் உண்மை வாறது."

பின்முற்றத்தில் அந்தத் துண்டை வைத்து, பழைய அலுமினிய பேசின் ஒன்றைக் கவிழ்த்து மூடினேன். மூன்றாம் நாள் தூக்கிப் பார்த்தால் காய்ந்த கறிவேப்பிலை மாதிரி மங்கிப் போயிருந்தது. பாஸ் அதை நகத்தால் சுரண்டினார். பொடி பழசு, சாம்பல் சீமெந்தும் கூடாது, வெள்ளைச் சீமெந்தோடு நல்ல பொடி சேர வேண்டும் என்றார். வெள்ளைச் சீமெந்தைத் தான் கொண்டுவருவதாகவும், பொடி கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் மட்டும்தான் சுத்தமாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். பேசினை நான் மறுபடி கவிழ்த்து வைத்தேன்.

"நாளைக்குக் கொண்டு வாங்க. இல்லாட்டி மாத்தயா சொன்ன டைல்ஸ்தான்," என்றார் அவர்.

"பாஸ், மாத்தயாவுக்குச் சொல்ல வேண்டாம்," என்றேன்.

அவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

ஏன் சொல்ல வேண்டாம் என்றேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பொடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டால் நான் பேச வேண்டியிருக்காது, பொடியே பேசிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம்.

அடுத்த நாள் காலையில் வழக்கம் போல ஆறு கேள்விகளும் முடிந்தன. "வெளியிலை ஒண்டும் போகேல்லைத் தானே?" என்று கேட்டார். "இல்லை, பாஸ் நிக்கிறார்," என்றேன். அவர் போய் அரை மணி நேரத்தில் நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன்.

கடை முதலாளி பொடியை நிறுத்து, செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டித் தந்தார். "பில் வேணுமா?" என்று கேட்டார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது காலி வீதியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடந்து போய், அப்பால் நிற்கும் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். அது அன்றாடம் நடப்பது. அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பெண் பொலிஸ் என் பையைத் திறந்தாள். பொட்டலத்தை அமுக்கிப் பார்த்தாள். விரலைக் குத்தினாள். விரல் பச்சையாக வெளியே வந்தது.

"மேக்க மொக்கத?" என்றாள். இது என்ன.

எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டது. "கெதற... குஸ்ஸிய... சிமென்தி," என்றேன். வீடு, குசினி, சீமெந்து. அவள் என் அட்டையைப் பார்த்தாள். அதில் யாழ்ப்பாண விலாசம். வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னாள். என்னோடு வந்தவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நானும் மற்ற நாட்களில் திரும்பியதில்லை. பஸ் போய்விட்டது.

தறப்பாள் கூரைக்குக் கீழே ஒரு மேசை. அங்கே அதிகாரி ஒருவர் இருந்தார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் முஸ்லிம், தமிழில் பேசினார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அவர் முதல் கேள்வியைக் கேட்கும் வரை. அந்த ஆறு கேள்விகளும்தான் வந்தன. நான் ஒன்று விடாமல் சொன்னேன். கேள்வி முடியும் முன்னே பதில் வந்தது.

"பாடமாக்கின மாதிரி சொல்றீங்களே அக்கா," என்றார் அவர்.

பிறகு பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சரி, இது என்னத்துக்கு?"

"குசினிக்குத் தரை போட. சீமெந்துக்குக் கலக்கிறது."

அவர் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"தரைக்கு செவப்புத் தானே போடுவாங்க. செவப்பு எண்டா நாங்க கேக்கவும் மாட்டோம். பச்ச எதுக்கு எண்டு சேர் கேக்கிறாரு. உடுப்புக்குச் சாயம் போடவா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இயக்கத்துக்காரர் போடுகிற பச்சை உடுப்பு. தரையின் நிறமாக மட்டும் நான் பார்த்ததை அவர்கள் வேறு எங்கோ பார்க்கிறார்கள்.

"இல்லை. தரைக்குத்தான்."

"பில்லு?"

"இல்லை."

கணவர் வேலை செய்யும் இடத்தின் டெலிபோன் நம்பரை வாங்கினார்கள். அதிகாரி பேசினார். நான் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டேன். அங்கே என் கணவர் எழுந்து நின்றுதான் பேசுவார் என்று தெரியும். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆறு பதில்களும் சரியாக வந்திருக்க வேண்டும், அதிகாரி ஒவ்வொன்றுக்கும் "ஹரி", சரி, என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொன்று கேட்டார். அதற்கு "ஹரி" சொல்லவில்லை. ரிசீவரை வைத்தார்.

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பியபோது அவருடைய குரலும் மாறியிருந்தது.

"ஒங்கட ஊட்டுக்காரர் சொல்றாரு, நீங்க ஊட்டுல ஈக்கிறீங்களாம். எங்கயும் போகலயாம். குசினிக்கு வெள்ள டைல்ஸ் போடுறாங்களாம். பச்சச் சீமெந்தா, அப்பிடி ஒண்ணுமே இல்லயாம்."

தனக்குத் தெரிந்த அளவில் என் கணவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் சொன்னதிலும் இல்லை.

"யாரு சரி, அக்கா?"

"ரெண்டு பேரும்," என்றேன். அதைவிட மோசமான பதில் இருந்திருக்க முடியாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஜீப்பில் ஏற்றினார்கள். பொட்டலம் அதிகாரியின் மடியில் இருந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் ஜீப் திரும்பியபோது மேல்மாடி ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. வீட்டு வாசலில் என் கணவர் நின்றார். ஓட்டோவில் வந்திருக்கிறார். கழுத்துப் பட்டி முழுவதும் வியர்வை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், கான்ஸ்டபிள் இருவரும் கதைக்கக் கூடாது என்று கையைக் காட்டினார்.

உள்ளே பாஸ் குசினித் தரை முழுவதையும் உடைத்துப் போட்டிருந்தார். கடல் மணல் தெரிந்தது. மூலையில் கல்லும் மண்ணும் குவிந்திருந்தன. ஒரு தமிழ் வீட்டில் நிலம் தோண்டிக் கிடந்தால் எப்படித் தெரியும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அதிகாரி ஒரு கம்பியை வாங்கி மணலில் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். ஒன்றிலும் தட்டவில்லை. பிறகு பாஸைக் கூப்பிட்டார்.

பாஸ் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி சிங்களத்தில் கேட்டது எனக்குப் புரிந்தது. இங்கே என்ன தரை போடப் போகிறாய்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். இந்த ஒரு மனிதருக்குத்தான் எல்லாம் தெரியும்.

பாஸ் அதிகாரியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"டைல்ஸ், சேர்," என்றார். "சுது டைல்ஸ்." வெள்ளை டைல்ஸ்.

எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

அதிகாரி என் பக்கம் ஒரு அடி வைத்தார். கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவரின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அவருக்கு நான் என்ன வைத்திருந்தேன் என்றே தெரியாது. அந்த நேரத்தில் அவரும் என்னைச் சந்தேகித்திருப்பாரோ என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

என்னால் அதை வாயால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. தமிழிலும் முடியாது, சிங்களத்திலும் முடியாது. நான் திரும்பிப் பின்முற்றத்துக்கு நடந்தேன்.

யாரோ பின்னால் கத்தினார்கள். துப்பாக்கியின் இரும்புச் சத்தம் கேட்டது. "இஞ்சேர், நில்லும்," என்று என் கணவரின் குரல் கேட்டது. நான் நிற்கவில்லை. அது துணிச்சல் இல்லை. நின்றால் பிறகு நடக்க வராது என்று தெரியும். ஆறேழு அடிதான். குனிந்து பேசினைத் தூக்கினேன். கை தவறி பேசின் சீமெந்துத் தொட்டியில் மோதி உருண்டது. அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் ஒரு கணம் அசையாமல் நின்றார்கள்.

அஸ்பெஸ்டோஸ் துண்டு அங்கே கிடந்தது. பச்சை பூசியபடி.

"பாஸ்," என்றேன். "சொல்லுங்க. மாத்தயாவுக்கும் சொல்லுங்க."

பாஸ் அப்படியே குந்திவிட்டார். பிறகு படபடவென்று சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். நோனாவுக்குப் பச்சை விருப்பம், மாத்தயாவுக்கு வெள்ளை விருப்பம், நோனா சொல்ல வேண்டாம் என்றார், நான் என்ன செய்ய சேர், நான் கூலிக்காரன். என் கணவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதிகாரி துண்டைக் கையில் எடுத்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். பொடி பிரகாசமாக இருந்தது. துண்டு மங்கிப் போயிருந்தது. இரண்டும் ஒன்று இல்லை என்று குழந்தைக்கும் தெரியும்.

"இந்த நிறம் அந்த நிறம் இல்லயே எண்டு சேர் சொல்றாரு," என்றார் கான்ஸ்டபிள்.

பாஸ் பழைய பொடி, புதிய பொடி என்று விளக்கினார். அதிகாரி கையை நீட்டி நிறுத்தினார். இப்போதே குழை என்றார். பாஸ் தன்னுடைய துணிப்பையிலிருந்து வெள்ளைச் சீமெந்தை எடுத்தார். நல்ல வேளை, அதை அவர் அன்று காலையிலேயே வாங்கி வந்திருந்தார். பொடியைப் போட்டு, தண்ணீர் விட்டு, கரண்டியால் பிரட்டினார். குசினி வாசலடியில் கல்லைப் பரப்பி, சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு வட்டம் பூசினார். முப்பது வருடம் தரை பூசிய கை. அன்றைக்கு அந்தச் சின்ன வட்டத்தை மட்டமாக்க அவர் மூன்று தரம் தேய்க்க வேண்டியிருந்தது.

"காய எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் அதிகாரி.

"மூணு நாள், சேர்."

அதிகாரி கொஞ்ச நேரம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் அடையாள அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். மிச்சப் பொடியையும் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து ஆள் அனுப்புவதாகவும், அதுவரை நான் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்றும், காய்ந்ததும் தரை தரையாக இருக்கிறதா என்று பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் போன பிறகு பாஸ் தன் சாமான்களை மெதுவாகக் கழுவினார். போகும்போது என் கணவரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். என் கணவர் அவருக்குத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குசினி இல்லாத வீட்டில் தேத்தண்ணீர் எங்கே.

நாங்கள் இருவரும் முன்னறையில் இருந்தோம். அவர் கேட்டார்.

"பாஸுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என்ன?"

நான் சீலைக் கரையில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

"நான் என்ன உம்மை அடிச்சனானோ? பேசினனானோ? எனக்குச் சொன்னால் என்ன?"

"சொன்னனான். நீங்கள் பஸ் ஸ்ராண்ட் எண்டு சொன்னனீங்கள்."

அவர் அதை மறந்தே போயிருந்தார். நினைவுக்கு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கீழே பார்த்தபடி, வெள்ளிக்கிழமையே டைல்ஸ்காரனிடம் போய் டைல்ஸுக்குச் சொல்லிவிட்டதாகவும், ஞாயிறு வந்து இறங்கும் என்றும் சொன்னார்.

"அதையும் நீங்கள் எனக்குச் சொல்லேல்லை," என்றேன்.

"ஓம்," என்றார். "சொல்லேல்லை."

அடையாள அட்டை இல்லாமல் மூன்று நாள் என்பது அப்போது எவ்வளவு நீளம் என்று அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கேற்றில் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். இடையில் வேறு யாராவது வந்து அட்டையைக் கேட்டால் என்ன காட்டுவது. என் கணவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றார். முன்னறையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துச் சோறு ஆக்கினேன். ஒரு மணிக்கொரு தரம் ஒருவர் மாறி ஒருவர் போய் அந்த வட்டத்தைப் பார்த்தோம். முதல் நாள் கரும்பச்சையாக இருந்தது. காயக் கூடாது என்று நான் நினைத்தேன், மங்கினால் முடிந்தது. அவரோ காய வேண்டும் என்று விசிறியைக் கொண்டுபோய் வைத்தார். பாஸ் வந்து பார்த்து அதை நிறுத்தச் சொன்னார். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்குமாம். தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கு மூடினார். இரண்டாம் நாள் ஓரங்களில் வெள்ளை பூத்தது.

அன்று பின்னேரம்தான் கையைப் பற்றிச் சொன்னேன். வட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் குந்திக்கொண்டிருந்தோம். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்ல அது வசதியாக இருந்தது. வடைத் தட்டு, எண்ணெய், வெள்ளை டைல்ஸ், விழுந்தது எல்லாம்.

"அப்ப பஸ் படியிலை விழேல்லையோ?"

"இல்லை."

"நான் அந்தக் கொண்டக்டரோட ஒரு மாசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை," என்றார். பிறகு என் மணிக்கட்டை எடுத்து, எங்கே உடைந்தது என்று புதிதாகக் கேட்பவர் போலத் தடவிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பாஸ் காலையிலேயே வந்துவிட்டார். வேலை ஒன்றும் இல்லை, சும்மா நின்றார். ஈரத் துணியால் ஓரத்து வெள்ளையைத் துடைத்து, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி தேய்த்தார். நிறம் மங்கவில்லை. கொட்டாஞ்சேனை அறையின் நிறம் இல்லைத்தான். இது கொஞ்சம் இளசு. ஆனால் பச்சை.

பத்து மணிக்கு மேல் கான்ஸ்டபிள் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். அதிகாரி வரவில்லை. குனிந்து வட்டத்தைத் தட்டினார். பெருவிரலால் அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து என் அட்டையை எடுத்து, என்னிடம் தராமல் என் கணவரிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி என்னிடம் தந்தார். கான்ஸ்டபிள் பொட்டலத்தையும் தந்தார், கால்வாசி குறைந்திருந்தது. அவர் கொண்டுவந்த பொலிஸ் புத்தகத்தில் நானும் கணவரும் கையெழுத்துப் போட்டோம்.

"நல்லாத்தான் ஈக்கிது," என்றார் அவர், தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டே. "ஆனா அக்கா, இனி எங்களுக்குச் சொல்றத்துக்கு முந்தி ஊட்டுல சொல்லுங்க."

பாஸ் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் வந்து இறங்கியது, நீலப் பூவோடு. திருப்பி எடுக்க மாட்டேன் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். அடுப்புக்குப் பின்னால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அதை ஒட்டினோம். மிச்சம் குளியலறைக்குப் போனது. குசினித் தரை முழுவதும் பச்சை. பொடி குறைந்ததால் வாசற்படிக்கு மட்டும் சாம்பல் சீமெந்து. வாசலடியில் பூசிய அந்த வட்டத்தைக் கொத்தி எடுத்துவிட்டு முழுத் தரையையும் ஒன்றாகப் பூசச் சொன்னேன். பாஸ் ஏன் என்று கேட்கவில்லை.

தரை காய்ந்து குசினிக்குள் போன முதல் காலை, என் கணவர் வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வழக்கமான ஆறு கேள்விகளையும் கேட்டார். நான் சொன்னேன். எழுந்து கதவைத் திறந்தவர் திரும்பி நின்றார்.

"குசினித் தரை?"

"பச்சைச் சீமெந்து."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் புறப்பட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை ஒருநாளும் நான் அவரிடம் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

"உங்களைக் கேட்டால்?"

அவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தரை பச்சைச் சீமெந்து. சுவர் வெள்ளை டைல்ஸ், நீலப் பூ," என்றார். "மனிசி வீட்டிலை. பின்னேரம் சந்தைக்குப் போவா, மரக்கறி வாங்க. போறனீர் தானே?"

"ஓம்," என்றேன். "பின்னேரம் நாலு மணிக்கு. வரேக்கை மஞ்சள் தூளும் வாங்குவன்."

"எவ்வளவு?"

"நூறு கிராம்."

"பில் எடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.